ஆபீஸ் லேப்டாப் பூட் ஆகவில்லையா? ரிப்பேர், ரீசெட், ரீஇன்ஸ்டால்: எதை எப்போது தேர்ந்தெடுப்பது

கம்பெனி கொடுத்த லேப்டாப் ஒருநாள் பூட் ஆகவில்லை என்றால், கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்தவர்கள் உடனே தேடுவது ஒரு பென் டிரைவை. அதில் விண்டோஸை ஏற்றி, பழையதை அழித்து, புதிதாக நிறுவிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். சொந்த லேப்டாப்புக்கு அது பல நேரம் சரிதான். நிறுவனம் நிர்வகிக்கும் லேப்டாப்பில் அதே பென் டிரைவ் கடைசியில் வர வேண்டிய ஆயுதம். முதலிலேயே எடுத்தால் பேக்கப் ஆகாத வேலை போய்விடும். எது கெட்டது என்று கண்டுபிடிக்க இருந்த தடயமும் சேர்ந்து போய்விடும். இவ்வளவையும் இழந்த பிறகு, கோளாறு லேப்டாப்பிலேயே இல்லை என்று தெரியவரலாம். அதுதான் எல்லாவற்றையும்விட வேதனை.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களையும், சிறு நிறுவனங்களில் மற்ற வேலைகளோடு ஐடி பொறுப்பையும் சேர்த்துச் சுமப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்கொள்வது இன்று ஆபீஸ்களில் பரவலாக உள்ள அமைப்பு: விண்டோஸ் 11, அதை நிர்வகிக்க மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன், புது லேப்டாப்பைத் தானாக நிறுவனத்தோடு சேர்க்க ஆட்டோபைலட். மேக், குரோம்புக் பற்றிப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கோளாறு எந்தப் பக்கம்?

நிர்வகிக்கப்படும் லேப்டாப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று நம் கையில் இருப்பது: டிஸ்க், பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்), டிபிஎம் (ரகசியச் சாவிகளைக் காக்கும் சிப்), அதன்மேல் விண்டோஸ். இன்னொன்று கிளவுடில் இருக்கும் பதிவு. அந்தப் பதிவும் ஒன்றல்ல, மூன்று. இந்த ஹார்டுவேர் எந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்று சொல்வது ஆட்டோபைலட் பதிவு. லேப்டாப்பின் அடையாளத்தை வைத்திருப்பது என்ட்ரா ஐடி பதிவு. பாலிசிகளும் ஆப்களும் வந்து சேர்வது இன்ட்யூன் பதிவு வழியாக. இந்த மூன்றில் ஒன்று அழிந்தாலும், முடக்கப்பட்டாலும், பழையதாகித் தங்கிவிட்டாலும் லேப்டாப் நல்ல நிலையில் இருந்தும் வேலை நடக்காது.

வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினாலும் பட்டா யார் பெயரில் இருந்ததோ அவர் பெயரில்தான் இருக்கும். என்ரோல்மென்ட், அதாவது லேப்டாப்பை நிறுவனத்தில் பதிவு செய்து சேர்ப்பது. அதில் வரும் கோளாறுக்கு விண்டோஸை அழித்து நிறுவுவதும் அப்படித்தான்.

ஆகவே எந்த வழி என்று முடிவெடுக்கும் முன், லேப்டாப் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். லோகோவே வரவில்லை, அல்லது பூட் செய்ய டிஸ்க் இல்லை என்கிறது என்றால் ஹார்டுவேர் அல்லது பயாஸ். நீலத் திரையில் பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ கேட்கிறது என்றால் பெரும்பாலும் எதுவுமே கெடவில்லை, பூட்டு மட்டும் விழுந்திருக்கிறது. லோகோ வந்து வட்டம் சுற்றியபடியே நின்றால், அல்லது கிராஷ் ஆகி மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ் அல்லது டிரைவர். நிறுவனத்தின் பெயரைக் காட்டி, கம்பெனி மெயிலை வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் நின்றால் என்ரோல்மென்ட். நன்றாக உள்ளே போய்விட்டு, அவுட்லுக்கும் டீம்ஸும் மட்டும் இந்தச் சாதனம் நிறுவன விதிகளுக்கு உட்படவில்லை என்று தள்ளினால் கோளாறு முழுக்கப் பதிவுப் பக்கம்.

இந்த ஒரு தகவலை ஹெல்ப்டெஸ்க்கிடம் தெளிவாகச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெறுமனே "ஆன் ஆகலை" என்று சொல்லாமல், திரையை மொபைலில் படம் எடுத்து அனுப்புங்கள்.

முதல் வழி: இருக்கிற விண்டோஸையே எழுப்புவது

டேட்டா போகாத வழி இது. அதனால் பூட் கோளாறு என்றால் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. விண்டோஸ் அடுத்தடுத்து இரண்டு முறை எழ முடியாமல் போனால் தானாகவே ரெக்கவரி சூழலுக்குப் போகும். அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது, சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோட், கமாண்ட் பிராம்ப்ட் எல்லாம் இருக்கும்.

இவற்றில் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அதை மட்டுமே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முந்தின நாள் இரவு அப்டேட் போட்டு, காலையில் எழவில்லை என்றால் அந்த அப்டேட்டை நீக்குவதுதான் நேரான மருந்து. மாஸ்டர் பூட் ரெக்கார்டைச் சரிசெய்யும் பழைய கட்டளைகள் இணையத்தில் இன்னும் நிறையச் சுற்றுகின்றன. இப்போதைய லேப்டாப்கள் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆவதால் அவற்றுக்கு இங்கே வேலை இல்லை. பூட் கோப்புகள் உண்மையிலேயே கெட்டிருந்தால், இஎஃப்ஐ பார்ட்டிஷனில் அவற்றைப் புதிதாக எழுத பிசிடி-பூட் என்ற கட்டளை இருக்கிறது. அதை ஐடி ஆள் கூட இருந்து செய்யட்டும்.

இந்த வழியின் மதிப்பை உலகமே பார்த்த நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு ஒரு கோளாறான கோப்பு போனது. 10.57க்கு அதை நிறுத்திவிட்டார்கள். அந்த 78 நிமிடத்துக்குள் அதை வாங்கிய விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்துகொண்டே இருந்தன. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு சுமார் 85 லட்சம் கணினிகள். விமானங்கள் ரத்தாகின, மருத்துவமனைகளில் வேலை தடைப்பட்டது. ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் தேவைப்பட்ட வைத்தியம் என்ன? சேஃப் மோடிலோ ரெக்கவரி சூழலிலோ போய், 291 என்ற எண் கொண்ட அந்தக் கோப்பை நீக்குவது. அவ்வளவுதான். அழித்து நிறுவியிருந்தாலும் கணினி எழுந்திருக்கும். சில நிமிட வேலைக்கு ஒரு முழு நாளையும் டேட்டாவையும் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தச் சில நிமிட வேலை பல இடங்களில் நாள்கணக்கில் இழுத்ததற்குப் பெரிய காரணம் பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதால் ரெக்கவரி சூழலிலிருந்து உள்ளே கைவைக்க ரெக்கவரி கீ வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கீ, ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் நேரில் உட்கார்ந்து தட்ட வேண்டும். ஆகவே முதல் வழி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை முடிவு செய்வது அந்தக் கீ கிடைப்பதுதான்.

கீ என்பது 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. லேப்டாப் திரையில் கீ ஐடி என்று ஒன்று காட்டும், அதன் முதல் எட்டு எழுத்துகளை வைத்துச் சரியான கீயைத் தேட வேண்டும். நிறுவனம் அனுமதித்திருந்தால், மொபைலிலேயே உங்கள் ஆபீஸ் கணக்கின் மை அக்கவுன்ட் பக்கத்தில், சாதனங்கள் பகுதியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஐடி டீம் எடுத்துத் தர வேண்டும். லேப்டாப் நன்றாக இருக்கும்போதே, உங்கள் கீ அங்கே தெரிகிறதா என்று இன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பிட்லாக்கர் திரை வருவதற்குக் காரணம் பல நேரம் சாதாரணமானது: பயாஸ் அப்டேட் ஆகியிருக்கும், செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) யாரோ மாற்றியிருப்பார்கள், பூட் வரிசை மாறியிருக்கும். 2011இல் வெளியான செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. அவற்றை 2023 சான்றிதழ்களுக்கு மாற்றும்போது பயாஸ் அப்டேட்டுகளும் சேர்ந்து வருவதால், இந்தத் திரையைப் பார்க்கும் வாய்ப்பு கூடத்தான் செய்யும். கீயைப் போட்டு உள்ளே போன பிறகும் ஒவ்வொரு பூட்டிலும் கேட்டுக்கொண்டே இருந்தால், பிட்லாக்கரை ஒருமுறை சஸ்பெண்ட் செய்து மறுபடி ரெஸ்யூம் செய்யச் சொல்லுங்கள். புதிய நிலையை டிபிஎம் ஏற்றுக்கொள்ளும், கேள்வி நின்றுவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதற்றத்தில் பயாஸுக்குள் போய் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுகிறவர்கள் உண்டு. இரண்டு அமைப்புகளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். ஒன்று, லேப்டாப் டிஸ்க்கோடு பேசும் ஸ்டோரேஜ் முறை: ரெய்டு அல்லது விஎம்டி என்ற முறையில் இருந்ததை ஏஎச்சிஐ என்ற முறைக்கு மாற்றினால், நன்றாக இருந்த விண்டோஸ்கூடத் தன் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க முடியாமல் விழும். இன்னொன்று டிபிஎம்மை கிளியர் செய்வது. பிட்லாக்கர் கீ கேட்கும், லாகினுக்கான விண்டோஸ் ஹலோ பின் எண் செத்துப்போகும் என்பதோடு நிற்காது. இந்த லேப்டாப்தான் நான் என்று என்ட்ரா ஐடியிடம் நிரூபிக்கும் ரகசியச் சாவி டிபிஎம்முக்குள்தான் இருக்கிறது. அது போனால் பூட் கோளாறோடு பதிவுக் கோளாறும் கூடவே சேரும்.

இரண்டாம் வழி: விண்டோஸைத் தொடாமல் பதிவைச் சரிசெய்வது

லேப்டாப் எழுகிறது, ஆனால் நிறுவனம் அதை அடையாளம் காணவில்லை. இதற்கு மிகப் பழகிய உதாரணம் மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புகிறவர்கள். மாதக்கணக்கில் லேப்டாப் அலமாரியில் இருந்திருக்கும். நீண்ட நாள் தொடர்புக்கு வராத சாதனங்களைத் தானாக நீக்கும் விதியைப் பல நிறுவனங்கள் இன்ட்யூனில் போட்டு வைத்திருக்கின்றன. திரும்பி வந்த முதல் நாளே லேப்டாப் அந்நியமாகி நிற்கும். அந்தப் பெண்ணிடம் லேப்டாப்பை ஃபார்மட் செய்யச் சொல்வது நியாயமே இல்லை. அவர் டிஸ்க்கில் எந்தக் கோளாறும் கிடையாது.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது மிக எளிய விஷயம், கடிகாரம். லேப்டாப் நேரமும் தேதியும் தவறாக இருந்தால் சான்றிதழ்கள் செல்லாது, சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே ஏற்படாது. பேட்டரி முழுக்க இறங்கி நெடுநாள் கிடந்த லேப்டாப்பில் இது நடக்கும். அப்புறம் என்ட்ரா ஐடியில் அந்தச் சாதனத்தின் நிலை என்ன என்று நிர்வாகி பார்க்க வேண்டும். முடக்கப்பட்டிருந்தால் ஒரு கிளிக்கில் மறுபடி இயக்கிவிடலாம். நீக்கப்பட்டிருந்தால் லேப்டாப்பை நிறுவனத்திலிருந்து விலக்கி மறுபடி சேர்க்க வேண்டும்.

அப்படி விலக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. நிறுவனக் கணக்கை டிஸ்கனெக்ட் செய்த அடுத்த நொடி அந்தக் கணக்கால் லேப்டாப்புக்குள் நுழைய முடியாது. லோக்கல் அட்மின் கணக்கு ஒன்று இயங்கும் நிலையில் இருந்து, அதன் பாஸ்வேர்டு கையில் இருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். விண்டோஸ் லேப்ஸ் (லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை நிர்வகிக்கும் வசதி) பயன்படுத்தும் நிறுவனங்களில் அந்தப் பாஸ்வேர்டு கிளவுடில் பத்திரமாக இருக்கும். ஆனால் சாதனப் பதிவையே யாராவது நீக்கிவிட்டால் அதோடு சேமித்த பாஸ்வேர்டும் பிட்லாக்கர் கீயும்கூட எட்டாமல் போகலாம். அதனால் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்: பதிவை நீக்கிப் பார்ப்போமே என்று எடுத்த எடுப்பில் நீக்காதீர்கள். கீயையும் பாஸ்வேர்டையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்க்கும்போது மறுப்பு வந்தால் அதற்கான காரணமும் பெரும்பாலும் சர்வர் பக்கம்தான். பயனருக்கு இன்ட்யூன் லைசென்ஸ் இல்லாவிட்டால் 80180018 என்ற எண்ணில் முடியும் பிழை வரும். ஒருவர் எத்தனை சாதனங்களைச் சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, என்ட்ரா ஐடியில் அது இயல்பாக 50. எல்லா லேப்டாப்பையும் ஒரே கணக்கில் சேர்க்கிற சிறு நிறுவனங்கள் ஒருநாள் இதில் வந்து முட்டுகின்றன. 80180014 என்பது, நிறுவன விதி தடுக்கிறது என்றோ, ஏற்கெனவே தானியங்கி முறையில் சேர்ந்த லேப்டாப் பழைய பதிவு இருக்கும்போதே மறுபடி சேர முயல்கிறது என்றோ சொல்லும். பழைய இன்ட்யூன் பதிவை நீக்கினால், அல்லது ஆட்டோபைலட் பட்டியலில் அந்தச் சாதனத்தின் தடையை எடுத்தால் வழி திறக்கும். இந்த மூன்றில் எதற்கும் பென் டிரைவால் ஒரு பயனும் இல்லை.

என்ரோல்மென்ட் திரையில் மாட்டிக்கொண்டால்

இது தனியாகப் பேச வேண்டியது. நிறுவனப் பெயர் வந்து, சாதனம் தயாராகிறது, ஆப்கள் நிறுவப்படுகின்றன என்று காட்டும் திரை அது. மூன்று கட்டம் உண்டு: சாதனத்தைத் தயார் செய்தல், சாதன அமைப்பு, கணக்கு அமைப்பு. இயல்பான காலக்கெடு 60 நிமிடம். அதைத் தாண்டினால் தோல்வி என்று அறிவித்துவிடும்.

எந்தக் கட்டத்தில் நின்றது என்பதில்தான் பதில் இருக்கிறது. முதல் கட்டத்திலேயே நின்று 81039001 என்று வந்தால், டிபிஎம் தன் நம்பகத்தன்மையை நிரூபிக்கத் தவறுகிறது. கடிகாரத்தைச் சரிபார்த்து, நெட்வொர்க்கை மாற்றி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலலாம். திரும்பத் திரும்ப வந்தால் டிபிஎம் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். இரண்டாம் கட்டத்தில் ஆப்களின் எண்ணிக்கை ஒன்றிலேயே நின்றால் அந்த ஆப்தான் குற்றவாளி. பழைய எம்எஸ்ஐ வகை ஆப்களையும் வின்32 வகை ஆப்களையும் ஒரே நேரத்தில் நிறுவச் சொல்லியிருந்தால், ஒன்றோடொன்று மோதி நிறுவுவது தோற்றுப்போகலாம். இது நிர்வாகி இன்ட்யூனில் மாற்ற வேண்டிய விஷயம். அவர் மாற்றாதவரை லேப்டாப்பை எத்தனை முறை அழித்து நிறுவினாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

நிறுவனப் பெயரே வராமல், இது உங்கள் சொந்தக் கணினியா, வேலைக்கானதா என்று சாதாரணக் கேள்வி வந்தால் ஆட்டோபைலட் புரொஃபைல் (நிறுவனம் போட்டு வைத்த அமைப்புகள்) வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஹாஸ்டல், ஹோட்டல் வைஃபைகளில் முதலில் ஒரு லாகின் பக்கம் வருமே, அது இங்கே தடையாகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் முயன்று பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் ஹார்டுவேர் ஹேஷ் (அந்த லேப்டாப்பை அடையாளம் காட்டும் குறியீடு) பதிவாகியிருக்கிறதா, புரொஃபைல் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று நிர்வாகி பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 11இல், நிர்வாகி அனுமதித்திருந்தால், இந்தத் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விவரப் பக்கம் திறக்கும். அங்கிருந்து லாக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்துவிடலாம். பென் டிரைவுக்கு முதலில் கொடுக்க வேண்டிய வேலை இதுதான் என்பேன்.

மூன்றாம் வழி: ரீசெட், அதிலும் எந்த ரீசெட்

ரீசெட் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன. குழப்பிக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

ஆட்டோபைலட் ரீசெட் பயனரின் கோப்புகளையும் ஆப்களையும் அமைப்புகளையும் நீக்கும். ஆனால் என்ட்ரா இணைப்பு, இன்ட்யூன் பதிவு, வைஃபை விவரம் ஆகியவற்றை வைத்துக்கொள்ளும். ஒருவர் விலகி இன்னொருவருக்கு லேப்டாப் போகும்போது இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் விண்டோஸ் எழுந்து லாக் திரை வரையாவது வர வேண்டும், ரெக்கவரி சூழல் நல்ல நிலையில் இருக்க வேண்டும். உள்ளூர் ஆக்டிவ் டைரக்டரியோடும் (நிறுவனத்தின் சொந்த சர்வரில் உள்ள பயனர், கணினிப் பட்டியல்) சேர்ந்த ஹைப்ரிட் லேப்டாப்களுக்கு இது கிடையாது. பதிவே கெட்டிருந்தால் கெட்ட பதிவையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால், என்ரோல்மென்ட் கோளாறுக்கு இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வைப் என்பது இன்ட்யூனிலிருந்து நிர்வாகி அனுப்பும் கட்டளை. எல்லாம் அழிந்து லேப்டாப் புதிதாக வாங்கிய நிலைக்குப் போகும். ஆட்டோபைலட் பதிவு இருப்பதால் இணையத்தில் சேர்ந்ததும் மறுபடி நிறுவனத்துக்கே திரும்பும். ஆனால் கட்டளையை வாங்க லேப்டாப் உயிரோடு இணையத்தில் இருக்க வேண்டும். பூட் ஆகாத லேப்டாப்புக்கு ரெக்கவரி சூழலில் உள்ள ரீசெட்தான் பொருந்தும். அதில் கிளவுட் டவுன்லோடைத் தேர்ந்தெடுத்தால் சுமார் நான்கு ஜிபி இறங்கும். உள்ளூர்க் கோப்புகளே கெட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அந்த டேட்டா செலவு நியாயமானது.

எந்த ரீசெட்டுக்கும் சரி சொல்வதற்கு முன், மொபைலில் ஒன்டிரைவைத் திறந்து பாருங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டும் அங்கே தெரிகிறதா, கடைசியாக மாற்றிய கோப்பின் தேதி சரியாக இருக்கிறதா? ஐடி டீம் பேக்கப் இருக்கிறது என்று சொல்வதும், உங்கள் நேற்றைய எக்செல் அங்கே இருப்பதும் ஒன்றல்ல. டவுன்லோட்ஸ் ஃபோல்டர் அந்தப் பேக்கப்பில் சேராது. அவுட்லுக்கின் பழைய பிஎஸ்டி (மெயில் சேமிப்பு) கோப்புகள், சர்வருக்கு புஷ் செய்யாத புரோகிராம் கோடு, சி டிரைவில் நேரடியாக உருவாக்கிய ஃபோல்டர்கள் எல்லாம் போய்விடும். ஏதாவது முக்கியமானது உள்ளே இருக்கிறது என்றால், வெட்கப்படாமல் ஐடி டீமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். கீ இருந்தால் ரெக்கவரி சூழலிலிருந்தே கோப்புகளை வெளியே எடுக்க முடியும்.

நான்காம் வழி: பென் டிரைவ்

டிஸ்க் மாற்றியாகிவிட்டது, ரெக்கவரி சூழலே இல்லை, ரீசெட்டும் பாதியில் தோற்றது என்றால் இதுதான் வழி, தயங்க வேண்டாம். மால்வேர் சந்தேகம் இருந்தாலும் கடைசியில் இங்கேதான் வர வேண்டும். ஆனால் பாதுகாப்புக் குழு பார்த்து முடிக்கும்வரை எதையும் அழிக்கக் கூடாது.

இதில் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியாது. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி இயங்குவதால், இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும். அடுத்தது எடிஷன். லேப்டாப் ஹோம் எடிஷனோடு வாங்கப்பட்டிருந்தால், ஃபர்ம்வேரில் உள்ள கீயைப் பார்த்து இன்ஸ்டாலர் கேட்காமலே ஹோமைப் போட்டுவிடும். ஆட்டோபைலட்டுக்கு புரோ, என்டர்பிரைஸ் அல்லது எஜுகேஷன் வேண்டும். மூன்றாவது, வைஃபை டிரைவர் இல்லாமல் இணையமே வராது, இணையம் இல்லாமல் நிறுவனப் புரொஃபைல் வராது. ஆண்ட்ராய்டு மொபைலை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் கொடுத்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம்.

மாற்றிக் கொடுப்பது

பூட் கோளாறுக்கு ஒரு மணி நேரத்தில் விடை தெரியவில்லை, அந்த ஊழியருக்கு அன்றைக்கு முக்கிய வேலை இருக்கிறது என்றால், கையில் இருக்கும் வேறு லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் பழையதை நிதானமாகப் பாருங்கள். போனில் ஒருவரை நாள் முழுக்க உட்கார வைத்துக் கட்டளை தட்டச் சொல்வது இரண்டு பேரின் நாளையும் தின்றுவிடும். வெளியூரில் இருப்பவருக்கு கூரியர் நேரம் சேரும், அப்போதும் பிரவுசரில் மெயிலும் டீம்ஸும் பார்க்கத் தற்காலிக அனுமதி கொடுக்க முடியுமா என்று யோசிக்கலாம்.

சர்வீஸில் மதர்போர்டு மாற்றினால், அது வெறும் ஹார்டுவேர் வேலையோடு முடியாது. டிபிஎம் புதிது, ஹார்டுவேர் ஹேஷ் புதிது. ஆட்டோபைலட்டில் பழைய பதிவை நீக்கி, புதிய ஹேஷை ஏற்ற வேண்டும். சர்வீஸிலிருந்து திரும்பிய லேப்டாப் நிறுவனப் பெயரைக் காட்டவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, போர்டை மாற்றினார்களா என்பதுதான்.

நிர்வாகிகளுக்கு இன்னொன்று. விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து குயிக் மெஷின் ரெக்கவரி என்ற வசதி வந்திருக்கிறது. பூட் தோல்வி திரும்பத் திரும்ப நடந்தால் லேப்டாப் ரெக்கவரி சூழலிலிருந்தே இணையத்தில் சேர்ந்து, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தம் இருந்தால் இறக்கிக்கொள்ளும். 2024 ஜூலை போன்ற நாளுக்காகவே வந்தது இது. நிறுவன லேப்டாப்களில் நீங்கள்தான் இயக்கி வைக்க வேண்டும், வைஃபை விவரத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

மேக், குரோம்புக், பழைய லேப்டாப்

ஆப்பிள் சிலிக்கான் மேக் எழவே இல்லை என்றால், இன்னொரு மேக்கோடு கேபிளில் இணைத்து டிஎஃப்யூ என்ற ஃபர்ம்வேர் மீட்பு முறையில் சரிசெய்யலாம். அங்கே ரிவைவ், ரீஸ்டோர் என்று இரண்டு தேர்வு இருக்கும். ரிவைவ் ஃபர்ம்வேரையும் ரெக்கவரி அமைப்பையும் மட்டும் புதுப்பிக்கும், டேட்டா தங்கும். ரீஸ்டோர் அனைத்தையும் அழிக்கும். ரிவைவை முதலில் முயலாமல் ரீஸ்டோருக்குப் போகாதீர்கள்.

குரோம்புக்கில் என் வரிசை தலைகீழ். வேலை அநேகமாக எல்லாம் கிளவுடிலேயே இருப்பதால், எஸ்கேப், ரீஃப்ரெஷ், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்தி ரெக்கவரிக்குப் போய் முதலிலேயே அழித்து நிறுவிவிடலாம். நிர்வாகி மாற்றி வைக்காதவரை அது தானாகவே நிறுவனத்தில் மறுபடி சேரும்.

கடைசியாக, செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு. நல்ல விலைக்குக் கிடைத்தது என்று வாங்கிவந்து விண்டோஸை நிறுவினால், முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் பெயரோடு லாகின் கேட்கிறது என்று பலர் தவிக்கிறார்கள். லேப்டாப்பைக் கழித்த நிறுவனம் ஆட்டோபைலட் பதிவை நீக்க மறந்திருக்கலாம், அல்லது அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். இணையத்தைத் துண்டித்துவிட்டு லோக்கல் கணக்கு போட்டுத் தாண்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அடுத்த முறை ரீசெட் செய்யும்போது அதே திரை திரும்ப வரும், ஏனென்றால் பதிவு உங்களிடம் இல்லை. சீரியல் எண்ணைக் கொடுத்து, பதிவை நீக்கித் தரும்படி விற்றவர் மூலம் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். நேர்மையாகக் கழித்த பொருள் என்றால் அவர்களுக்கு அது சில நிமிட வேலை. வாங்குவதற்கு முன்பே பார்ப்பது இன்னும் நல்லது. கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, எந்தத் திரை வருகிறது என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.